இரட்டைகள் நீக்கப்பட்டன

பட்டியலைத் தொடையாக மாற்ற ஒரு வரி போதும் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். போதும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஒரு மனிதரை வீட்டை விட்டு வெளியேற்றவும் ஒரு வரி போதும். எத்தனை வரி என்பதா கேள்வி?

நான் வேலை செய்து ஓய்வு பெற்ற மென்பொருள் நிறுவனத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு வகைச் சேர்க்கையை இன்னொரு வகையாக மாற்றும்போது என்ன தொலைகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். உடனே புதியவர்களில் ஒருத்தியான அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், அது ஒரு வரிதானே, அதெல்லாம் இப்ப ஏஐ டூலே எழுதித் தருது. வித்தியாசம் தெரிஞ்சு நாங்கள் என்ன செய்யிறது?" மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் நேரம் போய்விட்டது என்றார். போகவில்லை. மணிக்கூடு என் முன்னால்தான் இருந்தது.

இப்போது அங்கே பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர் என் பழைய சகா ரிஃபாய். பின்னேரம் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா, சொல்ல வந்தத எழுதித் தாங்களேன். புள்ளயளுக்குக் குடுக்கிறன்."

"நான் இப்ப கோவத்தில இருக்கிறன் ரிஃபாய்."

"அப்ப இப்பவே எழுதுங்க. ஆறினதுக்குப் பொறகு எழுதினா ருசி ஈக்காது."

ஆறவில்லை. எழுதுகிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நிரலில் பல பொருட்களை ஒன்றாக வைத்திருக்கப் பல வகைப் பாத்திரங்கள் உண்டு. பட்டியல் என்பது வரிசை. யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது அதற்குத் தெரியும். ஒரே ஆள் இரண்டு தரம் வந்து நின்றாலும் இரண்டு தரமும் வைத்திருக்கும். மற்றது, ஆங்கிலத்தில் செட் என்பது. எங்கள் பாடசாலைக் கணித நூல்களில் அதற்குத் தொடை என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்காத மாணவர் இலங்கையில் இல்லை. தொடைக்கு ஒரு குணம்: ஒன்றைப் போல் இன்னொன்று வந்தால் உள்ளே விடாது. சாதாரணத் தொடைக்கு இன்னொரு குணமும் உண்டு, வரிசை தெரியாது. மூன்றாவது, ஒரு திறவுகோலுக்கு ஒரு பொருள் என்று வைத்திருக்கும் பாத்திரம். அதே திறவுகோலோடு இன்னொருவர் வந்தால், முன்னவரை வெளியே தள்ளிவிட்டுப் புதியவரை இருத்தும்.

இவ்வளவுதான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவது ஒரு வரி. மாறும்போது எதை இழந்தோம் என்று அந்த வரி சொல்லாது. என் தொழில் வாழ்க்கையின் சச்சரவுகளில் பாதி இந்த ஒரு விடயத்தில் வந்தவை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தேன், கொழும்புக்கு வந்தேன், மூன்று பேர் பங்கிட்ட ஓர் அறையில் இருந்துகொண்டு இரவல் புத்தகங்களில் கோபோல் கற்றேன், பிறகு சி, பிறகு ஜாவா. மொழிகள் மாறின. எண்ணும் பழக்கம் மாறவில்லை. நான் எதையும் எண்ணுகிறவன். விசிறி சுற்றுவதையும் எண்ணிக்கொண்டுதான் நித்திரை கொள்வேன் என்று என் மனைவி விருந்தினரிடம் சொல்வாள். சொல்லட்டும்.

முதல் சம்பவம் பொரளையில் நடந்தது. ஒரு கண் பரிசோதனை நிலையத்துக்கு இலக்கச் சீட்டு வழங்கும் நிரல் செய்தோம். ஒரே சீட்டு இரண்டு தரம் பதியாமல் இருக்க, யாரோ பட்டியலைத் தொடையாக மாற்றிவிட்டார்கள். சோதித்தபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்களைக் கொடுத்தார்கள். சின்ன எண்களைக் கொடுத்தால் ஜாவாவின் தொடை தற்செயலாக ஒழுங்காகவே திருப்பித் தரும். எல்லோரும் கை தட்டினார்கள். நிலையத்தில் போட்டபோது சீட்டுகளில் எண்ணோடு எழுத்தும் இருந்தது. தொடை தன் இஷ்டத்துக்குக் கூப்பிடத் தொடங்கியது. காலையிலேயே வந்து குந்தியிருந்த ஒரு சிங்கள அம்மா, பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, மம நே இஸ்ஸெல்லா ஆவே" என்றார். தம்பி, நான்தானே முதலில் வந்தேன் என்கிறார். அவர் சொன்னது முழு உண்மை. யார் முதலில் வந்தார் என்பதை நாங்கள்தான் அழித்திருந்தோம். அலுவலகத்தில் அதைச் சொன்னபோது, "சனத்துக்குப் பொறுமை இல்லை" என்று பதில் வந்தது.

இரண்டாவது, ஹெவ்லொக் டவுனில் ஒரு மாலை வகுப்பு நிலையம். பிள்ளைகளின் விபரத்தைத் தொலைபேசி இலக்கத்தைத் திறவுகோலாக வைத்து மாற்றினார்கள். எங்கள் வீடுகளில் நடப்பது தெரியாதா? அண்ணன், தங்கை, மேல் மாடியில் இருக்கும் மச்சாள், எல்லோருக்கும் சின்னம்மாவின் ஒரே இலக்கத்தைத்தான் எழுதுவார்கள். கடைசியாகப் பதிந்த பிள்ளை மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் இடைவிலகியவர்கள் என்று அறிக்கை போனது. அதையும் திருத்தினோம். அதற்கும் ஒருவரும் வெட்கப்படவில்லை.

இவற்றுக்குப் பிறகு நான் ஒரு நடைமுறையை வைத்துக்கொண்டேன். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுமுன் எண்ணுவது. மாற்றியபின் எண்ணுவது. குறைந்தால், குறைந்தவை எவை என்று தனியாக அச்சிட்டு, ஒரு மனிதர் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. தொடை தான் எதை உள்ளே விடவில்லை என்று தானாகச் சொல்லாது. நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்த நடைமுறை நேர விரயம் என்று என் குழுவில் அதைக் கைவிடச் செய்தவர் எங்கள் முகாமையாளர் சுகுமார்.

சுகுமாரை விபரமாகச் சொல்ல வேண்டும். என்னை விட மிகவும் இளையவர். கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருபோதும் சத்தம் போடமாட்டார். ஒருபோதும் கதிரையில் இருக்கவும் மாட்டார். பிளேன் டீ கோப்பையோடு வந்து எங்கள் கதிரைக்குப் பின்னால் நிற்பார். ஒரு கை கதிரையின் முதுகில் இருக்கும். நாங்கள் தலையைத் திருப்பி அண்ணாந்து பதில் சொல்ல வேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் என்னை "அண்ணை" என்பார். மறுக்கப் போகிறார் என்றால் "மிஸ்டர் கணேசலிங்கம்" என்பார். "பிரச்சினை இல்லை" என்று சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் யாராவது பேசினால் அவர் தன் கோப்பையைத்தான் பார்ப்பார்.

ஓர் அறக்கட்டளைக்கு நாங்கள் ஒரு வேலை செய்தோம். காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு அவர்கள் செலவு கொடுக்கிறார்கள். விண்ணப்பித்த ஒழுங்கில் ஒரு காத்திருப்போர் பட்டியல். இந்தச் சிகிச்சையைச் சிறுவயதிலேயே செய்ய வேண்டும். பிந்தினால் கருவி வைத்தாலும் பிள்ளைக்குப் பேச்சு வருவது கடினம் என்று வைத்தியர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த சுற்றுக்கு எப்போது நிதி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே இந்தப் பட்டியலில் இடம் என்பது சாதாரண இடமல்ல. அந்தப் பிள்ளை வாய் திறந்து அம்மா என்று சொல்லுமா இல்லையா என்பது அது.

பெற்றோர் பயத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வழியில் அனுப்பியிருந்தார்கள்: கிளினிக்கில் ஒன்று, தபாலில் ஒன்று, இணையத்தில் ஒன்று. திரும்பத் திரும்ப வந்ததை நீக்க வேண்டியது நியாயம். வரிசையைக் காக்கும் தொடை ஒன்று உண்டு, அதைப் பாவித்தோம். கேள்வி என்னவென்றால், எப்போது இரண்டு விண்ணப்பங்கள் ஒரே ஆளுடையவை? குழந்தைகளுக்கு அடையாள அட்டை இல்லை. முழுப்பெயரை வைத்தால், நிலக்ஷி என்று ஒரு படிவத்தில், நிலக்சி என்று அடுத்ததில், ஆங்கிலத்தில் வேறொன்று. சுகுமார் முழுப்பெயரை விட்டுவிடச் சொன்னார். முதலெழுத்துடன் பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், இந்த மூன்றும் ஒன்றானால் ஒரே ஆள். ரிஃபாய் அப்படியே எழுதினார்.

நான் சொன்னேன்: "முழுப்பேர் வித்தியாசமா இருக்கிறதை மட்டும் தனியா எடுத்து வைப்பம். ஒரு ஆள் பாக்கட்டும்."

"மனுசர் பாக்கிறதெண்டா கொம்பியூட்டர் எதுக்கு, அண்ணை?"

"நீக்கினதையாவது அச்சடிச்சுத் தாருங்கோ. நானே பாக்கிறன்."

"மிஸ்டர் கணேசலிங்கம், நாளைக்கு இதை ஒப்படைக்க வேணும். பிரச்சினை இல்லை."

கோப்பையைப் பார்த்தார். ஒப்படைத்தார்கள். இடம் கிடைத்தவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. எங்கள் சட்டப்படி மூன்று மொழியிலும் அனுப்ப வேண்டும். தமிழ்ச் செய்தியை இணையத்தில் ஏதோ ஒன்றில் போட்டு மொழிபெயர்த்து எடுத்திருந்தார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த நான் இரண்டு மேசை தள்ளி இருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி போன மூன்றாம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நான் பழைய பட்டியலையும் புதியதையும் வீட்டில் வைத்து ஒப்பிட்டேன். ஒருவரும் சொல்லி அல்ல. எனக்கு மனம் கேட்கவில்லை. நீக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் எழுத்துப் பிழைகள், ஒரே பிள்ளைதான். ஓர் இடத்தில் நின்றேன். நிலக்ஷி யோகராஜா. நிவேதா யோகராஜா. ஒரே திகதி, ஒரே இலக்கம், கொட்டாஞ்சேனையில் ஒரே விலாசம். இரண்டும் ந. யோகராஜா.

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஒரே நாளில் பிறந்தால் ஒரே நட்சத்திரம். அனுஷம் என்றால் நி என்று தொடங்கு என்று சாத்திரி சொல்லுவார். இரண்டு பிள்ளைக்கும் நி. படிவம் தகப்பன் பெயரைக் கடைசியில் கேட்கிறது. பிள்ளையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்குகிறது; நிரல் நி என்பதன் குறியையும் வெட்டி வெறும் ந என்று எடுக்கிறது. எந்தத் தமிழ் வீட்டிலும் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் இது நடக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையா? சுகுமாரும் தமிழர்தானே? அவருக்கும் ஒரு சாத்திரி பெயர் வைக்கவில்லையா?

தொலைபேசி எடுத்தேன். தாய் பேசினார். காதுக் கருவி விடயமாக எடுக்கிறேன் என்றேன்.

"ஓம் ஐயா, மெசேஜ் வந்தது. நாங்கள் ஆர் எண்டு முடிவெடுத்திட்டம். நாளைக்கு வந்து சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"ஆர் எண்டா?"

"எந்தப் பிள்ளைக்கு எண்டு. இரட்டைகள் நீக்கப்பட்டன எண்டு போட்டிருந்தியள்தானே. இரட்டைப் பிள்ளையள் எண்டா ரெண்டு பேருக்கும் தரமாட்டினம், ஒராளுக்குத்தான் எண்டு விளங்கிச்சுது. பேரும் ந எண்டுதான் கிடந்தது. ரெண்டும் ந தானே, அப்ப ஒராளைத் தெரிவுசெய்யிறது எங்கட பொறுப்பு எண்டு நினைச்சம்."

திரும்ப வந்த விண்ணப்பங்கள் நீக்கப்பட்டன என்று இருக்க வேண்டியதை இணைய மொழிபெயர்ப்பு இரட்டைகள் ஆக்கியிருந்தது. அவரே தொடர்ந்தார்.

"இவர்தான் சொன்னவர். நிவேதாக்குக் கொஞ்சம் கேக்குது ஐயா, கோயில் மேளத்துக்குத் திரும்புவாள். நிலக்ஷிக்கு ஒண்டுமே இல்லை. அவளுக்குக் குடுப்பம், மற்றவள் சமாளிப்பாள் எண்டு. சொல்லிப்போட்டு முந்தநாளில இருந்து மனுசன் சாப்பிடேல்லை."

"ஏன் அம்மா, ஒரு கோல் எடுத்து ஏனெண்டு கேட்டிருக்கலாமே?"

"சட்டம் எண்டு எழுதி வந்தாப் பிறகு என்னத்தைக் கேக்கிறது ஐயா?"

நீக்கப்பட்டது என்று எழுத்தில் வந்தால் ஏன் என்று கேட்கும் பழக்கத்தை இந்த நாட்டில் எங்கள் சனத்திடமிருந்து எப்போதோ நீக்கிவிட்டார்கள். வேறு யாருக்காவது இப்படி ஒரு செய்தி போயிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவர்கள் ஒரு மகளைத் தெரிவுசெய்தார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம், கையெழுத்து வைக்கவேண்டாம், நான் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அடுத்த நாள் சுகுமார் என் கதிரைக்குப் பின்னால் வருமுன் நானே எழுந்து நின்றுகொண்டேன். நடந்ததைச் சொன்னேன். ரிஃபாயும் நின்றார்.

சுகுமார் கேட்டுவிட்டு, "ஒரு ரெக்கோர்ட் தானே அண்ணை. மற்றப் பிள்ளைக்குப் புதுசா ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்கோ" என்றார்.

"புதுசாப் போட்டா கடைசியில நிப்பாள். இந்தச் சுற்றில வராது. அவளின்ர இடம் சகோதரிக்கு அடுத்தது. அங்கதான் போடவேணும்."

"மிஸ்டர் கணேசலிங்கம், லிஸ்ட் போயிட்டுது. திறந்தா எங்கட பிழை எண்டு எழுத்தில குடுக்க வேணும்."

"குடுங்கோ."

"குடுத்தா அடுத்த ஒப்பந்தம் வராது."

ரிஃபாய் இடையில் சொன்னார்: "சேர், என்ட பேரப் போடுங்க. நான்தானே எழுதின. வேல போனா மாமாட சாப்பாட்டுக் கட ஈக்குது, புரியாணி சுத்தலாம். அதுலயாவது கணக்குப் பிழைக்காது, கோழிக்கால் ரெண்டும் ஒண்டு எண்டு ஒத்தரும் சொல்ல மாட்டாங்க."

சுகுமார் சிரிக்கவில்லை. தகப்பனையும் தாயையும் கூட்டிக்கொண்டு நானே நேரே அறக்கட்டளைக்குப் போவேன் என்றேன். அப்போதுதான் அவர் கோப்பையை என் மேசையில் வைத்தார். முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்னமும் மன்னிக்க முடியவில்லை.

"அண்ணை, இதை இப்பிடிச் செய்வம். இரட்டைப் பிள்ளையள், ஏழைக் குடும்பம், கருணை அடிப்படையில ரெண்டாவது பிள்ளைக்கும் ஒரு விசேட இடம் தரச்சொல்லி எங்கட நிறுவனமே சிபாரிசு செய்யுது. இண்டைக்கே சம்மதிப்பினம். அவையளுக்கும் நல்ல பேர், எங்களுக்கும்."

"அது கருணை இல்லை. அது அவளின்ர இடம்."

"உங்களுக்குப் பிள்ளை முக்கியமோ, சொல்லு முக்கியமோ?"

சுகுமார் என்னை வென்றது அந்த ஒரு கேள்வியில்தான். பிழையை ஒப்புக்கொள்ள வைத்தால் கூட்டம், விசாரணை, கடிதம் என்று போகும்; அதற்குள் சத்திரசிகிச்சைத் திகதிகள் போய்விடும். நான் சரி என்றேன். அன்று பின்னேரமே நிவேதா யோகராஜாவுக்கு இடம் உறுதியானது, சகோதரிக்கு அடுத்த இடம். விசேட கருணை ஏற்பாடு என்று எழுதியிருந்தது. தாய்க்கு அதை அறிவித்தவர் சுகுமார்.

குழுவில் நீக்கியவற்றை அச்சிடும் நடைமுறை திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஏன் வரவேண்டும்? பதிவேட்டில் பிழை என்று ஒன்றும் இல்லையே. நடந்தது ஒரு நல்ல காரியம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அது படத்தோடு வந்தது.

சத்திரசிகிச்சைக்கு முன், அந்தப் படம் எடுத்த அன்று குடும்பமே அலுவலகத்துக்கு வந்தது. தகப்பன் யோகராஜா துறைமுகத்தில் வேலை செய்பவர், பெரிய கைகள். சுகுமாரின் ஒரு கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் தந்ததை நாங்கள் சாகும் வரைக்கும் மறக்கமாட்டம் சேர்" என்றார். சுகுமார் அந்தக் கையை எடுக்கவில்லை. "எங்கட கடமை" என்றார். நான் மூன்று அடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து, இது ஒருவரும் தந்தது அல்ல, உங்களுடையது, நாங்கள் பறித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்ல வந்தேன். பெண் பிள்ளைகள் இருவரும் தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ பின்னால் மேசை லாச்சியைப் பட்டென்று அடித்து மூடினார்கள். ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. மற்றது பார்க்கவில்லை. தகப்பன் அதைக் கவனித்தார்; திரும்பிய பிள்ளையின் தலையில் கையை வைத்து, வைத்தபடியே நின்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பிழை என்று சொன்னால், அந்த மனிதர் அந்த நாட்களில் தெரிவுசெய்தது ஒன்றுக்குமில்லாமல் தெரிவுசெய்தது என்று ஆகும். விதி என்று நம்பியபடியால்தான் அவரால் அதைத் தாங்க முடிந்தது. அதை உடைக்க எனக்கு என்ன உரிமை?

ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வித்தியாசம் தெரிந்து என்ன செய்வது என்றீர்கள். தெரியாதவர்கள் செய்ததைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன். டூல் எழுதட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதியது எதை வெளியே விட்டது என்று கேளுங்கள். பட்டியலில் இருப்பதைப் படிக்க எல்லோருக்கும் தெரியும்.

அன்று தாய் ஒரு பட்டர் கேக் கொண்டுவந்திருந்தார், தன் கையால் செய்தது. சுகுமார்தான் வெட்டினார். ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள். ரிஃபாய் தன் துண்டைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தார்; வேலை முடிந்து போகும்போதும் அது அங்கேயே இருந்தது. என்னிடம் வந்து, "எடுங்கோ அண்ணை, உங்களுக்கும் இதில பங்கிருக்கு" என்றார் சுகுமார். பக்கத்தில் தாய் சிரித்தபடி நின்றார்.

எனக்குச் சீனி வருத்தம், இனிப்புச் சாப்பிடக் கூடாது என்று அந்தத் தாயிடம் சொன்னேன். இன்றுவரை எனக்கு அந்த வருத்தம் இல்லை.